குறுவையா, சம்பாவா: கால்பந்து மேலாளருக்குக் கொடுக்கும் காலத்தை எப்படி அளப்பது?

ஐரோப்பியக் கால்பந்து சீசன் ஆகஸ்டில் தொடங்குகிறது. டெல்டாவில் சம்பாவுக்கு நாற்றங்கால் விடும் நேரம் அது. இங்கே நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் அக்டோபர், நவம்பரில் அங்கே முதல் சில மேலாளர்களின் வேலை போயிருக்கும். சனிக்கிழமை இரவுகளில் ஆங்கிலப் பிரீமியர் லீக் ஆட்டங்களைக் கைபேசியில் பார்க்கும் கும்பகோணத்து, மன்னார்குடி இளைஞர்களிடமும், கால்பந்தில் ஊறிய அதிராம்பட்டினத்துத் தேநீர்க் கடைகளிலும் அந்த வாரங்களில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "ஃபெர்குசனுக்கே முதல் கோப்பைக்கு மூணரை வருஷம் ஆச்சு, இவருக்கும் டைம் கொடுக்கணும்" என்று மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனைக் காட்டுவது ஒரு கட்சி. "பத்து மேட்ச் பார்த்தாச்சு, இன்னும் என்னத்தைப் பார்க்கிறது" என்பது மற்றொன்று.

இரு கட்சியினரும் காலத்தை நாள்காட்டியை வைத்தே எண்ணுகிறார்கள். குழப்பம் தொடங்கும் இடம் இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு மேலாளருக்கு "காலம்" என்று நாம் சொல்வது உண்மையில் எவற்றால் ஆனது, அது கிடைக்காமல் போவது ஏன், கிடைத்தும் பயன்படாமல் போவது எப்போது என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

மேலாளரும் தலைமைப் பயிற்சியாளரும்

பழைய ஆங்கில வழக்கில் மேலாளர் என்பவர் கழகத்தின் கால்பந்துப் பணிகள் அனைத்துக்கும் பொறுப்பாளர். ஆட்டத்துக்கு அணியைத் தேர்வு செய்வது, பயிற்சி கொடுப்பது, வீரர்களை வாங்குவது, விற்பது, இளையோர் அணியைக் கவனிப்பது என எல்லாம் அவர் கையில் இருந்தன. இன்று பெரும்பாலான கழகங்களில் அந்தப் பணி இரண்டாகப் பிரிந்துவிட்டது. களத்துப் பொறுப்பு தலைமைப் பயிற்சியாளருக்கு. வீரர்களை வாங்கி விற்கும் பொறுப்பு விளையாட்டு இயக்குநருக்கு.

செய்தியைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம். பழைய வகை மேலாளரை நீக்கினால், அவர் போட்டு வைத்த திட்டம் முழுவதும் அவரோடு வெளியேறும். விளையாட்டு இயக்குநர் நிலையாக இருக்கும் கழகத்தில் பயிற்சியாளர் மாறினாலும் திட்டம் தொடரலாம். ஆகவே ஒரே "நீக்கம்" என்ற சொல், இரண்டு கழகங்களில் இரண்டு வெவ்வேறு அளவு இழப்பைக் குறிக்கிறது.

காலம் என்பது எவற்றால் ஆனது?

1. பயிற்சி நாள்கள். ஐரோப்பியக் கோப்பைகளிலும் ஆடும் அணிக்கு சனி, புதன், மீண்டும் சனி என்று ஆட்டங்கள் வரும். ஆட்டத்துக்கு மறுநாள் உடல் தேறுவதற்கு. ஆட்டத்துக்கு முந்தைய நாள் இலேசான பயிற்சிதான். இடையே புதிய முறையைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் கிடைத்தால் பெரிது. சீசனுக்கு முந்தைய ஜூலை மாதமே அதற்குரிய காலம். நவம்பரில் பொறுப்பேற்பவருக்கு அந்த ஜூலை கிடைப்பதில்லை. 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த ரூபன் அமோரிம், நான்கு தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடுவதற்காகச் சேர்க்கப்பட்டிருந்த அணியை மூன்று பேர் முறைக்கு நடுச் சீசனில் மாற்ற முயன்றார். அந்தச் சீசன் 15ஆம் இடத்தில் முடிந்தது.

2. பரிமாற்றக் காலங்கள். வீரர்களை வாங்கவும் விற்கவும் ஆண்டுக்கு இரண்டு முறைதான் கதவு திறக்கும்: கோடையில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை. வீரர்களின் ஒப்பந்தம் நான்கைந்து ஆண்டுகளுக்குக்கூட இருக்கும் என்பதால், வேண்டாதவரை உடனே அனுப்பிவிடவும் முடியாது. யூர்கன் க்ளாப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு மேலாளராக வந்தார். சாடியோ மானே 2016இல் சேர்ந்தார். முகமது சலாவும் ஆண்டி ராபர்ட்சனும் 2017இல். விர்ஜில் வான் டைக் 2018 ஜனவரியில். கோல்காப்பாளர் அலிசன் அதே ஆண்டின் கோடையில். 2019 ஜூனில், ஐரோப்பியக் கழகங்களுக்கான முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பை கைக்கு வந்தது. நாள்காட்டியில் இது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். பரிமாற்றக் காலக் கணக்கில் ஏழு. அந்த ஏழிலும் என்ன நடந்தது என்று பார்க்காமல் "க்ளாப்புக்கு நான்கு ஆண்டு கொடுத்தார்கள்" என்று மட்டும் சொல்வது அரைக் கதை.

3. இளையோர் வரிசை. இதுதான் மிக நீண்டது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புதிய இரகத்தை ஒட்டுக்கட்டி, தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து, பல ஊர் வயல்களில் சோதித்து வெளியிட எட்டு, பத்து ஆண்டுகள் ஆகிவிடும். பதினான்கு வயதுச் சிறுவன் முதல் அணியின் நிலையான ஆட்டக்காரராக ஆவதற்கும் ஏறக்குறைய அதே போன்ற காத்திருப்பு வேண்டும். அந்தக் காலம் முழுவதும் செலவு மட்டுமே கணக்கில் தெரியும்.

இந்த மூன்றில் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் காலத்தின் அளவு மாறும். ஆட்ட முறையை மட்டும் மாற்ற வந்தவரை ஒரு ஜூலையும் ஒரு சீசனும் கொடுத்து மதிப்பிடலாம். அணியையே புதுப்பிக்க வந்தவருக்கு நான்கைந்து பரிமாற்றக் காலங்களாவது வேண்டும். 110 நாளில் அறுவடையாகும் குறுவை இரகமான ஆடுதுறை 36ஐ ஐந்து மாதம் கடந்தும் வயலில் வைத்திருப்பவரும் இல்லை; 155 நாள் சம்பா இரகமான சி.ஆர். 1009ஐ நான்காம் மாதமே அறுத்துப் பார்ப்பவரும் இல்லை. விதைத்தது எது என்று தெரிந்திருந்தால்தான் எப்போது அறுப்பது என்ற கேள்விக்கே பொருள் உண்டு.

ஆரம்பச் சரிவு பற்றியும் இங்கே ஒரு சொல். நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் முதல் ஒரு வாரம் துவண்டு, மஞ்சளித்து, செத்ததுபோல நிற்கும். வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். புதிய ஆட்டமுறைக்குள் போடப்பட்ட அணியிலும் இதுவே நிகழ்கிறது. பழக்கத்தால் ஓடிய கால்கள் இப்போது யோசித்து ஓட வேண்டியிருப்பதால் அரை நொடி பிந்துகின்றன. அந்த அரை நொடியில் கோல் விழுகிறது. பெப் கார்டியோலா 2016இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தபோது முதல் சீசன் கோப்பையின்றி மூன்றாம் இடத்தில் முடிந்தது. அடுத்த சீசனில் அதே கழகம் 100 புள்ளிகள் எடுத்தது. ஆனால் எல்லா மஞ்சளும் பச்சை கட்டுவதற்கு முந்தைய மஞ்சள் அன்று. சில வேளை வேர் அழுகியும் மஞ்சளிக்கும். பிரித்தறியும் வழியைக் கீழே பார்ப்போம்.

ஏன் பொறுப்பதில்லை?

கழக உரிமையாளர்கள் அவசரக்காரர்கள் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அவர்கள் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். சீசன் முடிவில் கடைசி மூன்று அணிகள் அடுத்த நிலை லீக்குக்கு இறக்கப்படும். இறங்கினால் தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாயின் பெரும்பகுதி போய்விடும். வீரர்களைக் கிடைத்த விலைக்கு விற்க வேண்டிவரும். அந்த அச்சம் வந்துவிட்டால் இருபத்தைந்து வீரர்களை மாற்ற இயலாது. ஒரு மேலாளரை மாற்ற இயலும். லெஸ்டர் சிட்டிக்கு 2016 மே மாதத்தில், யாரும் எதிர்பாராத லீக் பட்டத்தை வாங்கிக்கொடுத்த கிளாடியோ ரனியேரி, ஒன்பது மாதங்களில், 2017 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். நன்றிகெட்ட செயல் என்று உலகமே பேசியது. இறக்க எல்லைக்கு ஒரு புள்ளி மேலே நின்ற கழகத்துக்கோ அது காப்பீடு எடுப்பது போன்ற செயல்.

நீக்குவதும் இலவசம் அன்று. ஒப்பந்தத்தில் மீதமுள்ள காலத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். 2018இல் அன்டோனியோ கான்டேயையும் அவருடைய உதவியாளர்களையும் நீக்கிய வகையில் செல்சீ கழகத்துக்கு இழப்பீடும் சட்டச் செலவுமாக 2.66 கோடி பவுண்டு ஆனது. அதைவிட, இறங்கினால் வரும் இழப்பு பன்மடங்கு என்பதே உரிமையாளரின் கணக்கு.

இன்னொன்று, மேலாளர் மீது சுமத்தப்படும் பழியில் ஒரு பகுதி அவருடையதே அன்று. லீக்கில் ஒரு கழகம் எங்கே முடியும் என்பதற்கும் அது வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் மிக நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை ஸ்டெஃபான் சிமான்ஸ்கி போன்ற பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலமாகக் காட்டி வருகிறார்கள். 2023இல் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டு, தண்ணீர் போதாமல் அக்டோபர் 10இல் மூடப்பட்டது. அந்த ஆண்டு கடைமடையில் கருகிய குறுவைக்கு விவசாயியின் உழவைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. குறைந்த சம்பளப் பட்டியல் கொண்ட கழகம் 14ஆம் இடத்தில் நிற்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட கடைமடைக் கதைதான்.

நீக்கியதும் ஜெயிக்கிறார்களே?

பொறுமைக்கு எதிரான வலுவான வாதம் இது. ரனியேரி போன பிறகு பொறுப்பேற்ற கிரெய்க் ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். லெஸ்டர் 12ஆம் இடத்தில் பத்திரமாகக் கரை சேர்ந்தது. நீக்கம் பலித்ததாகவே தோன்றும்.

இதைப் புரிந்துகொள்ளக் கால்பந்தின் ஓர் இயல்பை அறிய வேண்டும். கபடியில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் முப்பது, நாற்பது புள்ளி எடுக்கிறது. அத்தனை முறை பாடிச் செல்லும்போது ஒரு பாட்டில் கால் வழுக்கினாலும் அடுத்ததில் சரிக்கட்டிவிடலாம். நல்ல அணி பெரும்பாலும் ஜெயித்துவிடும். கால்பந்தில் இரு அணிகளும் சேர்ந்தே சராசரியாக ஏறக்குறைய மூன்று கோல்தான். கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து, நடுவரின் ஒரு தவறான விசில், ஆட்டத்தையே மாற்றிவிடும். ஆகவே ஐந்தாறு ஆட்டங்களின் முடிவில் திறமையைப் போலவே தற்செயலுக்கும் பெரிய பங்கு உண்டு.

மேலாளரை எப்போது நீக்குகிறார்கள்? அணி தன் இயல்பான தரத்துக்கும் கீழே, தொடர்ந்து தோற்ற பிறகு. அந்தப் பள்ளத்தில் ஒரு பகுதி தற்செயலால் ஆனது என்றால், யார் வந்தாலும், யாரும் வராவிட்டாலும், அணி தன் சராசரிக்கு ஏறத்தான் செய்யும். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். நெதர்லாந்தின் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான அந்நாட்டு லீக் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, மேலாளரை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிந்தும் நீக்காமலிருந்த அணிகளோடு ஒப்பிட்டார். இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே விதமாகவே மீண்டன. நீக்கத்தால் தனிப் பயன் தென்படவில்லை.

இதிலிருந்து எந்த நீக்கமும் பயன்படாது என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. ஆய்வு சொல்வது பல நூறு நிகழ்வுகளின் சராசரியை. உடைமாற்று அறையில் வீரர்கள் மேலாளரின் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்ட கழகம் அந்தச் சராசரிக்குள் எங்கோ மறைந்திருக்கும்.

ஃபெர்குசன் கதையை முழுதாகப் படித்தால்

பொறுமைக்கட்சியின் வேதவாக்கு அலெக்ஸ் ஃபெர்குசன். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பொறுப்பேற்றார். அடுத்தடுத்த சீசன்களில் கழகம் பிடித்த இடங்கள்: 11, 2, 11, 13. 1989 செப்டம்பரில் உள்ளூர்ப் போட்டியாளரான மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று தோற்றது. அந்த டிசம்பரில் சொந்த மைதானத்தில் கிறிஸ்டல் பேலஸிடம் தோற்ற ஆட்டத்தில், ஒரு ரசிகர் படுக்கை விரிப்பில் எழுதிய பதாகையைத் தூக்கிப் பிடித்தார். மூன்று வருடமாகச் சாக்குப்போக்குதான், கிளம்புங்கள் என்பது அதன் பொருள். ஒரு மாதம் கழித்து, தோற்றால் வெளியேற்றம் என்ற முறையில் நடக்கும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் அடித்த ஒற்றைக் கோல் அணியைக் காத்தது. அதே கோப்பையை, அதே கிறிஸ்டல் பேலஸை மறு ஆட்டத்தில் வென்று, 1990 மே மாதத்தில் யுனைடெட் கைப்பற்றியது. 1993இல் முதல் லீக் பட்டம்; 2013இல் ஓய்வு பெறும்போது லீக் பட்டங்கள் மட்டும் 13.

இந்தக் கதை சொல்லப்படும்போது இரண்டு செய்திகள் விடுபட்டுவிடுகின்றன. முதலாவது, நிர்வாகம் சும்மா காத்திருக்கவில்லை. 1989 கோடையில் கேரி பாலிஸ்டர், பால் இன்ஸ், நீல் வெப் எனப் பெருந்தொகைக்கு வீரர்களை வாங்க அனுமதித்தது. பாலிஸ்டருக்குக் கொடுத்த 23 இலட்சம் பவுண்டு அப்போது ஒரு தடுப்பாட்டக்காரருக்குப் பெரிய விலை. இரண்டாவது, முடிவுகள் மோசமாக இருந்த அந்த ஆண்டுகளிலேயே அடித்தளம் கண்ணுக்குத் தெரிந்தது. ரயன் கிக்ஸ் 1987இல் பதினான்கு வயதில் கழகத்தோடு சேர்க்கப்பட்டார். அவரும் டேவிட் பெக்கமும் கேரி நெவிலும் ஆடிய இளையோர் அணி 1992இல் எஃப்.ஏ. இளையோர் கோப்பையை வென்றது. புள்ளிப் பட்டியலைப் பார்க்காமல் இளையோர் மைதானத்தைப் பார்த்திருந்தால் 1989இலேயே வேறொரு சித்திரம் கிடைத்திருக்கும். நிர்வாகம் பார்த்தது அதைத்தான். ஆகவே அந்தப் பொறுமைக்குக் குருட்டு நம்பிக்கை என்று பெயர் வைப்பது அநியாயம்.

அவசரம் பலித்த கதைகளுக்கும் குறைவில்லை. செல்சீ 2012 மார்ச்சில் மேலாளரை நீக்கி, இடைக்காலப் பொறுப்பாளர் ராபர்ட்டோ டி மட்டேயோவின் கீழ் அந்த மே மாதமே சாம்பியன்ஸ் லீக் வென்றது. 2021 ஜனவரியில் தாமஸ் டூக்கெலை அழைத்துவந்து மீண்டும் மே மாதத்தில் வென்றது. ரியல் மாட்ரிட் 2016 ஜனவரியில் ஜினடீன் ஜிடானைக் கொண்டுவந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதே கோப்பையை எடுத்தது. மூன்று இடங்களிலும் அணி ஏற்கெனவே முதல்தரமானது. நாற்று விடுவதிலிருந்து தொடங்க வேண்டிய வேலை இல்லை. கதிர் முற்றிய வயலுக்கு அறுவடைக்கு ஆள் மாற்றியது போன்றது அது.

எல்லாவற்றிலும் மோசமானது பொறுமையும் இல்லாத, முடிவும் இல்லாத நடுநிலை. யுனைடெட் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தது. கோடையில் புதிய வீரர்களை வாங்கிக்கொடுத்தது. அக்டோபரில் அவரை நீக்கியது. வாங்கிய வீரர்கள் அடுத்தவரின் முறைக்குப் பொருந்துவார்களா என்ற கேள்வி அப்புறம்தான் எழுந்தது.

எதைப் பார்த்து முடிவு செய்வது?

1. உருவாக்கிய வாய்ப்புகளின் தரம். ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் சாத்தியத்தை 0 முதல் 1 வரையிலான எண்ணாக மதிப்பிட்டுக் கூட்டுவார்கள். பெனால்டிக்கு ஏறக்குறைய 0.76 முதல் 0.79. இதற்கு எதிர்பார்க்கப்படும் கோல் என்று பெயர். அடித்த கோலுக்கும் இதற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அங்கே தற்செயல் வேலை செய்கிறது என்று ஊகிக்கலாம். லிவர்பூலுக்கு வருமுன் க்ளாப் நடத்திய டார்ட்மண்ட் அணி 2014-15 சீசனின் நடுவில் ஜெர்மனி லீக்கின் அடியில் கிடந்தது. லிவர்பூலின் ஆய்வுப் பிரிவில் இருந்த இயன் கிரஹாம் அந்த ஆட்டங்களை இவ்விதமான கணக்கால் ஆராய்ந்து, ஆட்டத்தின் தரம் குலையவில்லை, அதிர்ஷ்டம்தான் கைவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த அக்டோபரில் லிவர்பூல் க்ளாப்பை அழைத்துக்கொண்டது.

2. வாங்கிய வீரர்களின் வயது. ஆர்சனலுக்கு 2019 டிசம்பரில் வந்த மிகெல் ஆர்டெட்டா இரண்டு சீசன்கள் 8ஆம் இடத்தில் முடித்தார். 2021-22 சீசனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றுப் பட்டியலின் அடியில் நின்றார். ஆனால் அந்தக் கோடையில் வாங்கிய ஆறு பேரும் 23 வயதோ அதற்குக் கீழோ. அந்தச் சீசன் தொடங்கி நான்கு சீசன்களில் கழகத்தின் இடம் 5, 2, 2, 2. முப்பது வயதுக்காரர்களை வாங்கிக் குவித்துவிட்டுக் காலம் கேட்கும் மேலாளருக்கு இந்த வாதம் செல்லாது.

3. தோல்வியின் வடிவம். ஒரே மாதிரிப் பிழையால் ஒரே மாதிரிக் கோல் ஆறு மாதமாக விழுந்துகொண்டிருந்தால், அது பயிற்சியில் சரிசெய்யப்படவில்லை. வேர் அழுகிய மஞ்சள் என்று மேலே சொன்னது இதையே.

இந்தியாவில்

இந்தியாவிலும் பொறுமைக்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. சையது அப்துல் ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது; நம் வீரர்களில் பலர் அப்போது வெறுங்காலோடு ஆடினார்கள். இன்றைய நடைமுறையில் அந்த ஒரு முடிவே ஒரு பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். நான்காண்டு கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவர் தலைமையிலேயே அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது.

இந்தியன் சூப்பர் லீக்கில் 2024-25 சீசன் வரை கீழிறக்கம் என்ற அச்சமே நடைமுறையில் இருந்ததில்லை. ஆகவே அங்கே பொறுமை மலிவாகக் கிடைத்திருக்க வேண்டும். ஆனாலும் ஓராண்டு ஒப்பந்தங்களும் ஆண்டுதோறும் பாதி அணி மாறுவதும் வழக்கமாக இருந்துவந்தன. விதிவிலக்காக ஹைதராபாத் கழகத்தைச் சொல்லலாம். 2019-20 சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்று கடைசி இடத்தில் முடிந்த கழகம் அது. ஸ்பெயின் நாட்டின் மனோலோ மார்க்கெஸ் பொறுப்பேற்ற முதல் சீசனில் 5ஆம் இடம். அடுத்த சீசனில், ஆகாஷ் மிஸ்ரா போன்ற இளம் இந்தியர்களை நிலையாக ஆட வைத்து, 2022 மார்ச் 20 அன்று கோவாவில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்.

அதே மார்க்கெஸ் 2024 ஜூலையில் இந்திய அணியின் பயிற்சியாளரானார். அந்தச் சீசன் முழுவதும் எஃப்.சி. கோவா கழகத்தையும் சேர்த்தே கவனித்தார். தேசிய அணிக்குப் பரிமாற்றக் காலம் என்பது கிடையாது. வீரர்கள் அவரவர் கழகத்திலிருந்து விடுவிக்கப்படும் சில நாள் முகாம்கள்தான் பயிற்சிக் காலம். ஏறக்குறைய ஓராண்டில் எட்டு ஆட்டங்கள் நடந்தன. மாலத்தீவை 3-0 என்று வென்ற நட்புறவு ஆட்டம் ஒன்றே வெற்றி. நான்கு ஆட்டங்கள் சமன், மூன்று தோல்வி. 2025 கோடையில் பிரிந்தார்கள். ஓராண்டு பொறுத்தும் பயனில்லை என்று சிலரும், ஓராண்டு போதாது என்று சிலரும் எழுதினார்கள். அந்த ஓராண்டில் அவருக்கு அந்த அணியோடு வாய்த்த பயிற்சி நாள்களை ஒன்றுசேர்த்தால், ஒரு கழகப் பயிற்சியாளருக்கு ஜூலை முதல் செப்டம்பருக்குள் கிடைத்துவிடும் அளவைத் தாண்டாது.